தண்ணி கண்ட தூள்

"நான் தொடல."

"நீ தொடாம அது தானா எழுந்து போய்க் குளிச்சிட்டு வந்து படுத்துக்கிச்சா?"

"தொடலன்னு சொல்லு—"

"நேத்து சாயங்காலம் நானே கையால அளைஞ்சு பாத்தேன். மணல் மாதிரி காஞ்சு கெடந்துச்சு—"

"—றேனே, காதுல விழுதா இல்லையா? தொட்டா தொட்டேன்னு சொல்லிட்டுப் போறேன். அதுல எனக்கு என்ன, தலையில இருக்கிற கிரீடமா எறங்கிடும்?"

"அப்ப நான் தொட்டேனா? அடுப்பை எந்தப் பக்கம் திருகணும்னுகூட இவருக்குத் தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கியே, அந்த ஆளா காலங்காத்தால எழுந்து காப்பி போடுறான்?"

இருவருக்கும் நடுவில், சமையல் மேடைமேல், பழைய செய்தித்தாள் விரித்த ஒரு தகரத் தட்டு. அதில் விரல் கனத்துக்குக் காப்பிச் சக்கை. டிகாஷன் இறங்கியபின் ஃபில்டரில் மிஞ்சுமே, அந்தத் தூள்தான். நான்கு நாள் வெயிலில் பொலபொலவென்று காய்ந்திருந்தது. இப்போது கறுத்து, நனைந்து, அடியிலிருந்த தாளின் எழுத்தெல்லாம் கலங்கிப்போய்க் கிடந்தது. தொட்டால் வெதுவெதுப்பாகக்கூட இருந்தது. அதை மட்டும் அவள் அவரிடம் சொல்லவில்லை.

இது மூன்றாவது தடவை.

அந்த வீட்டில் அவளுக்குப் பேர் பொட்டலம். கல்யாணத்துக்கு முன் ஒன்றரை வருடம், காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடையில் பொட்டலம் மடித்தவள். இப்போது வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கிறாள். அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறிப்பவர். இரண்டு பேரையும் முடிச்சுப் போட்டது அவருடைய அக்கா. அந்த அக்கா போய்ச் சேர்ந்து அன்றோடு ஐம்பது நாள்.

கடையில் அந்த அக்காவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கக்கா. முப்பது வருடம், வரும் தூளையெல்லாம் காப்பியாக்கி ருசி பார்த்துத் தரம் சொல்வதுதான் அவள் வேலை. "நீ போறப்ப அந்த மூக்கை மட்டும் எனக்கு எழுதி வெச்சிட்டுப் போம்மா" என்பார் முதலாளி. "வெச்சுக்க எடம் இருந்தா எடுத்துக்குங்க" என்பாள் அவள்.

வாயில் காப்பியை வைத்துக்கொண்டு பேச முடியாதல்லவா? அதனால் விரல் பேசும். ஒரு விரல் தூக்கினால் புதுத்தூள், சுத்தம். இரண்டு விரல் தூக்கினால் தண்ணி கண்ட தூள். சில வியாபாரிகள் ஓட்டல் சக்கையை அள்ளிவந்து காயவைத்து, நல்ல தூளோடு கலந்து தலையில் கட்டப் பார்ப்பார்கள். மூக்கக்கா ஒரு மடக்கு வாயில் வைப்பாள். இரண்டு விரலைத் தூக்குவாள். வியாபாரி மூட்டையைத் தூக்குவான். பஞ்சாயத்து அவ்வளவுதான். பொட்டலம் மடிக்கும் பெண் தாமதமாக வந்து, பஸ் கிடைக்கவில்லை, செருப்பு அறுந்துவிட்டது என்று ஏதாவது சாக்கு சொன்னாலும், வாயில் காப்பியோடு திரும்பாமலேயே அதே இரண்டு விரல்தான் எழும்பும்.

தம்பிக்கு இந்த விரல் பாஷை தெரியாது. வறுக்கும் புகை பட்டால் அவருக்கு அடுக்கடுக்காகத் தும்மல். கடைப் பக்கமே போனதில்லை. வீட்டில் அக்காவுக்கு விரல் எதற்கு? வாய் இருந்தது. போதும் போதும் என்கிற அளவுக்கு இருந்தது.

சக்கையைக் கலந்து விற்கிறவனைக் கண்டால் மட்டுமல்ல, சக்கையைக் குப்பையில் கொட்டுகிறவளைக் கண்டாலும் மூக்கக்காவுக்கு ஆகாது. "கொட்டாதே, அதுல இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கு" என்பாள். செருப்பு அலமாரியில் சக்கை கட்டிய துணிமுடிச்சு. ஃபிரிட்ஜில் ஒரு கிண்ணம். அடிப்பிடித்த பாத்திரத்துக்கு ஒரு பிடி, பூண்டு உரித்த கைக்கு ஒரு சிட்டிகை, சாப்பாட்டு மேசையில் கீறல் விழுந்தால் அதில் கொஞ்சம் குழைத்துத் தடவல், மிச்சம் தொட்டிச் செடிக்கு. பொட்டலத்துக்குக் கல்யாணப் பரிசாக அவள் கொடுத்ததே ஒரு ஊசி மெத்தைதான். உள்ளே பஞ்சு இல்லை, காய்ந்த சக்கை. "குத்தி வைக்கிற ஊசி ஆயுசுக்கும் துருப்பிடிக்காது, பாத்துக்க." பதினெட்டு வருடம் பிடிக்கவுமில்லை.

ஒரே ஒரு கட்டளை. "எதுக்கு வேணா போடு. மறுபடியும் வாய்க்கு மட்டும் கொண்டு போகாதே. அது காப்பிக்கும் துரோகம், குடிக்கிறவனுக்கும் துரோகம்."

அவர் குடையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "இரு, இதுக்கு ஒரு வழி பண்றேன். நம்ம வீட்ல கேஸ் கெடையாது. தண்ணி கொதிக்கணும்னா கரண்ட் ஓடியாகணும். கரண்ட் ஓடினா மீட்டர் சொல்லும். மனுஷன் பொய் சொல்லுவான், மீட்டர் சொல்லாது."

"ஊர் மீட்டரெல்லாம் பாத்தது போதாதுன்னு வீட்டு மீட்டருமா?"

"உன் மேல சந்தேகம் இல்ல பொட்டலம். துக்கத்துல சில பேர் தூக்கத்துலயே நடப்பாங்களாம். அடுப்படிக்குப் போறது உனக்கே தெரியாம இருக்கலாம்."

"எனக்கு என்ன துக்கம்?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபின்தான் அது எப்படி ஒலித்தது என்று உறைத்தது. அவர் படியிறங்கிப் போனார்.

துக்கம் இல்லை. அவளிடம் இருந்தது வேறு.

மூக்கக்கா பக்கவாதத்தில் விழுந்து, எட்டு மாதம் பின்னறையில் கிடந்தாள். வாய் போயிற்று, வலப்பக்கம் போயிற்று. இடது கையும் மூக்கும் மட்டும் மிச்சம். மாடி வீட்டு நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "காப்பி குடுக்கலாம், ஆனா லேசாக் குடுங்க" என்று சொன்னாள். அவரோ, "வீட்ல முதல் டிகாஷன் அக்காவுக்குத்தான். என்னைத் தூக்கி வளத்தவ. எனக்கு இல்லாட்டியும் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார்.

அவள் விழுந்த முதல் வாரத்திலேயே ஒருநாள் தூள் தீர்ந்துபோயிற்று. அதுவரைக்கும் சத்தியமாகத் தற்செயல்தான். அவருக்குப் போட்ட சக்கை ஃபில்டரிலேயே இருந்தது. அதன்மேல் வெந்நீரை ஊற்றினாள். சாயம் போன மாதிரி ஒன்று இறங்கியது. பாலை ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மூக்கக்கா உதட்டில் வைத்தாள். இடது கையைத் தூக்கினாள். இரண்டு விரல்.

பொட்டலம் அந்த விரல்களைப் பார்த்தாள். பதினெட்டு வருடம், "இது காப்பியா, கை கழுவின தண்ணியா?" "உங்க அம்மா வீட்ல இதைத்தான் காப்பின்னு சொல்லுவாங்களா?" "பொட்டலம், நீ மடிக்கத்தான் லாயக்கு" என்று கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப்போனவள். இப்போது அந்த வாய் இல்லை. இரண்டே விரல். அதற்கும் அர்த்தம் தெரிந்தவள் வீட்டில் அவள் ஒருத்திதான்.

"ரெண்டு ஸ்பூன் சர்க்கரையாக்கா? இதோ போடுறேன்" என்றாள்.

சர்க்கரையைப் போட்டுக் கலக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் வீட்டில் புதுத்தூள் இருந்தது. இருந்தும் சக்கையிலேயே ஊற்றினாள். அதற்கு மறுநாளும். எட்டு மாதம். நாள் தவறாமல் இரண்டு விரல் எழும்பும். நாள் தவறாமல் இரண்டு ஸ்பூன் சர்க்கரை விழும். ஒருநாள் அவர் பார்த்துவிட்டு, "அதென்ன, ரெண்டு விரலைக் காட்டுறா?" என்று கேட்டார்.

"சர்க்கரை கேக்கறாங்க. வாய்க்கு இனிப்பு கேக்குது போல."

"முதல் டிகாஷன்தானே குடுக்குற?"

"பின்னே?"

கட்டிலில் கிடந்தவள் தம்பியைப் பார்த்தாள். அப்புறம் பொட்டலத்தைப் பார்த்தாள். கையை இறக்கிப் போர்வைமேல் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பார்வைதான் இப்போது தட்டில் நனைந்து கிடந்தது.

ஈரச் சக்கையை வழித்துத் தொட்டியில் போட்டுவிட்டு, வேறொரு தட்டில் காய்ந்த சக்கையைப் பரப்பினாள். ஸ்கேலால் சமமாக இழுத்தாள். மேலே தையல்காரி புத்தியைக் காட்டினாள்: துணியில் தையல் கோட்டைக் குறிக்க ஒரு பல்சக்கரம் உண்டே, அதைக் குறுக்கும் நெடுக்குமாக உருட்டினாள். சக்கைமேல் புள்ளிப் புள்ளியாகக் கட்டம் விழுந்தது. ஓர் எறும்பு நடந்தாலும் தெரியும்.

பதினொரு மணிக்கு மாடி வீட்டு நர்ஸ் தன் சீருடைக்கு விளிம்பு மடித்துத் தைக்கக் கொண்டுவந்தாள்.

"என்னங்க, பின்ரூம்ல யாராவது விருந்தாளியா? மாடிப்படி முழுக்க காப்பி வாசனை. அதுவும் ஒரு மாதிரி, பழைய வாசனை."

"யாரும் இல்ல. சக்கை காயுது."

"அக்கா இருக்கற மாதிரியே இருக்கு."

சீருடையை மாட்டிக்கொண்டு நின்றவளின் காலடியில் பொட்டலம் முழங்காலிட்டு விளிம்பை மடித்தாள். கேட்கவேண்டாம் கேட்கவேண்டாம் என்று நினைத்தபடியே கேட்டாள்: "நீங்க அன்னைக்கு லேசாக் குடுங்கன்னு சொன்னீங்களே. லேசான்னா?"

"பாலைக் கூட்டிக்கங்க, தூளைக் கொறைச்சுக்கங்கன்னு சொன்னேன். ஏன், நீங்க என்ன குடுத்தீங்க?"

பொட்டலம் சட்டென்று இரண்டு குண்டூசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டாள். வாயில் ஊசி இருக்கும்போது தையல்காரி பேசவேண்டியதில்லை. நாக்கில் துருவாடை அடித்தது. துப்பிப் பார்த்தாள். இரண்டும் பழுப்பேறியிருந்தன. ஊசி மெத்தையை எடுத்து அமுக்கினாள். உள்ளே ஈரம். குத்தியிருந்த நாற்பது ஊசியும் பாதிவரை துரு.

"அய்யோ, வாயில வெச்சிட்டீங்களே, ஊசி போட்டுக்கங்க" என்றாள் நர்ஸ். "நான் சொல்றது என் ஊசி."

சிரிக்க வேண்டிய இடம். சிரித்தும் வைத்தாள்.

அன்று மத்தியானம் பக்கத்துத் தெருவுக்குத் தைத்த துணி கொடுக்கப் போனாள். வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போனாள். திரும்பிவரும்போது, தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, அவர் வாசல் படியில், மீட்டர் பெட்டிக்குக் கீழே, குறிப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"நீ எத்தனை மணிக்குக் கெளம்பினே?"

"ரெண்டரை. உங்களுக்கு இன்னைக்கு அரைநாள்தானா?"

"உள்ள போய்ப் பாரு."

தட்டில் புள்ளிக் கட்டம் இல்லை. சக்கை முழுக்க ஈரம். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம், கப்பை வைத்து எடுத்த மாதிரி. பின்னறையிலிருந்து அந்த வாசனை வந்தது. மெலிந்த, சாயம் போன, பால் அதிகமான வாசனை. எட்டு மாதம் அவளே தூக்கிக்கொண்டு போன வாசனை.

"மீட்டர் ஓடல" என்றார் பின்னால் வந்து நின்று. "ஃபிரிட்ஜுக்கு எவ்வளவு ஓடணுமோ அவ்வளவுதான் ஓடியிருக்கு. கெட்டில் போட்டிருந்தா எனக்குத் தெரியாதா? இருவத்திரெண்டு வருஷம் இதானே பாக்கறேன்." குறிப்புப் புத்தகத்தை மூடினார். "கரண்ட்டே இல்லாமத் தண்ணியக் கொதிக்க வெச்சிருக்கா. எங்க அக்கா எப்பவுமே சிக்கனம்."

சொல்லிவிட்டு அவரே சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார். அக்கா சக்கை தடவி மறைத்த கீறலை விரலால் நீவிக்கொண்டே பேசினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ கிண்டல் பண்ணுவேன்னு இத்தனை நாளா சொல்லல."

"என்னங்க?"

"கடைசி நாள் காலையில நீ துணி குடுக்கப் போயிருந்தே. அக்கா காப்பிக்குக் கண்ணாலயே கேட்டா. நான்தான் போட்டேன்."

"நீங்களா?"

"பாத்தியா, ஆரம்பிச்சுட்டே. நானேதான். ஃபில்டர்ல தூள் ரெடியா இருந்துச்சு. நீ எடுத்து வெச்சிட்டுப் போயிருக்கேன்னு நெனச்சு வெந்நிய ஊத்தினேன். கையெல்லாம் சுட்டுக்கிட்டேன். கொண்டுபோய்க் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு ரெண்டு விரலைக் காட்டினா. நீ சொல்லியிருக்கியே, சர்க்கரைன்னு. ஓடிப்போய் ரெண்டு ஸ்பூன் போட்டேன். என் மொகத்தையே பாத்தா பொட்டலம். அப்புறம் என் கையப் புடிச்சுக்கிட்டு, ஒரு சொட்டு விடாமக் குடிச்சா. சாயங்காலம் போயிட்டா." மூக்கை உறிஞ்சினார். "நான் அக்காவுக்கு என்ன செஞ்சிட்டேன்? ஒண்ணும் செய்யல. ஆனா கடைசியா என் கையால ஒரு நல்ல காப்பி குடிச்சிட்டுப் போனா. அதை நெனச்சுத்தான் தூங்கறேன்."

ஃபில்டரில் ரெடியாக இருந்த தூள். அன்று காலை அவருக்குப் போட்டு, அக்காவுக்கென்று அவள் விட்டுவைத்துப் போன சக்கை.

இத்தனை நாளும் அவள், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இவர் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிடலாம், திட்டினால் திட்டட்டும், அடித்தால் அடிக்கட்டும் என்று மனசின் ஒரு மூலையில் வைத்திருந்தாள். இப்போது அந்த வழியும் அடைத்துப்போயிற்று. சொன்னால் அவளுடைய பாவம் மட்டுமா தெரியவரும்? அவர் கையாலும் சக்கைத் தண்ணிதான் போயிருக்கிறது. சொன்ன அன்றிலிருந்து அவர் எதை நினைத்துத் தூங்குவார்?

"என்ன, கிண்டல் பண்ணேன்."

"பண்ணல" என்றாள். "நல்லா போட்டிருப்பீங்க."

நான்கு மணிக்கு அவரைப் பால் வாங்க அனுப்பினாள். புது டப்பாவைப் பிரித்தாள். ஃபில்டரைச் சுடுநீர் ஊற்றிக் கழுவித் துடைத்தாள். மூன்று கரண்டி தூள், தலைதட்டி. கொதித்த தண்ணீரைச் சுற்றிவர ஊற்றி மூடிவைத்து, கடையில் சொல்லிக்கொடுத்தபடி, தட்டாமல் குலுக்காமல் காத்திருந்தாள். சொட்டுச் சொட்டாகக் கருகருவென்று இறங்கியது. வீட்டில் இருந்த பாலைக் காய்ச்சி ஊற்றி, மூக்கக்காவின் கப்பில் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

மெத்தையைச் சுருட்டி எடுத்துவிட்ட வெறும் கட்டில். ஜன்னலோரம் ஸ்டூல். ஸ்டூலின்மேல் கப்பை வைத்தாள்.

"அக்கா, இது முதல் டிகாஷன். சத்தியமா. நீங்களே மோந்து பாருங்க."

ஜன்னல் கம்பியில் ஒரு குருவி உட்கார்ந்துவிட்டுப் போயிற்று.

"நான் பண்ணினது தப்புதான். முதல் நாள் தூள் தீந்துபோச்சு, அது நிஜம். மத்த நாளெல்லாம்... நீங்க லேசுப்பட்ட ஆளாக்கா? உங்க வாயால நான் பட்டது கொஞ்சமா? பதிலுக்கு ஒருநாளாவது பேசியிருப்பேனா? மனசு கசந்து கெடந்துச்சு. அந்த நர்ஸும் லேசாக் குடுன்னுதான் சொன்னா. நான் அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

சொல்லும்போதே, முதுகுக்குப் பின்னால் யாரோ திரும்பாமல் விரல் தூக்குகிற மாதிரி இருந்தது.

"அவர்கிட்ட மட்டும் சொல்லச் சொல்லாதீங்கக்கா. உங்களுக்கு அவர்தானே உசிரு? அவர் தூங்கட்டுமே. அதுக்காகத்தான் சொல்றேன். எனக்காக இல்ல."

புதுக் காப்பியின் மணம் அறையை நிறைத்தது. பழைய வாசனை போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். படுக்கப் போகுமுன் தட்டில் புதிதாகக் காய்ந்த சக்கையைப் பரப்பி, சக்கரத்தை உருட்டிக் கட்டம் போட்டுவைத்தாள். வெகு நாளைக்குப் பிறகு அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினாள்.

காலையில் அவர்தான் முதலில் எழுந்தார். "பொட்டலம், இங்க வா" என்று சமையலறையிலிருந்து கூப்பிட்டார். குரலில் பயம் இல்லை, சந்தோஷம் மாதிரி ஏதோ இருந்தது. கையில் பின்னறையிலிருந்து எடுத்துவந்த கப். காப்பி வைத்தது வைத்தபடி, ஆடை கட்டி ஆறிக் கிடந்தது.

"நீதானே அக்காவுக்கு வெச்சே? எனக்குத் தெரியும். நேத்தே வாசனை வந்துச்சு. குடிக்கல பாரு."

"ஈரமா?" என்றாள், தட்டைப் பார்க்காமலே.

"இல்ல. ஈரம் கிடையாது. இன்னைக்குப் பொடிப்பொடியா, காஞ்சபடியே இருக்கு. வந்து பாரேன்."

பார்த்தாள். கட்டம் கலையவில்லை. ஒரு புள்ளிகூடச் சிதறவில்லை. காய்ந்த சக்கையின் நடுவில் மட்டும் இரண்டு விரல் பதிந்த தடம். பக்கத்தில் பக்கத்தில், நுனி மேலே பார்த்தபடி, தாள் தெரிகிற ஆழத்துக்கு. நீளமான நடுவிரல் இடப்பக்கம். இடது கை விரல்கள்.

அவர் குனிந்து தன் இரண்டு விரலை அந்தத் தடத்துக்குமேல் படாமல் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கிச் சிரித்தார். சர்க்கரை டப்பாவுக்காகக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே எதைக் கண்டாரோ, அவர் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"ரெண்டு விரல்னா சர்க்கரைதானே, பொட்டலம்?"